வியாழக்கிழமை வீடுகள்

அக்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது, குசினி எங்கே என்பதைத்தான்.

டிக்கெட் கொடுக்கிற பெண் இன்னும் டிக்கெட்டைக் கிழித்திருக்கவே மாட்டாள். மேலே பளிங்குப் படிக்கட்டு, தொங்கு விளக்கு, எப்போதோ செத்துப்போன பிரபுவின் ஆளுயரப் படம் எல்லாம் எங்களுக்காகக் காத்திருக்கும். அக்கா அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு குசினியை விசாரிப்பார். சமையலறைக்கு நாங்கள் சொல்கிற குசினியும் இத்தாலிக்காரர் சொல்கிற குச்சீனாவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், அந்த ஒரு கேள்வியை அவர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் கேட்பார். அது பார்வைக்கு இல்லை என்பாள் அந்தப் பெண்.

"ஏன் இல்லை? சாப்பிடாமலோ இருந்தவை?" என்று என் பக்கம் திரும்புவார்.

நான் அதற்குள் வெளியே போகிற வழி எது என்று பார்த்து வைத்திருப்பேன்.

பலெர்மோவில் வீட்டு வேலைக்கு நிற்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. ஞாயிறும் ஓய்வுதான். ஆனால் ஞாயிறு, மாதா கோயில் பூசையோடும் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் நின்று கதைக்கிற கதையோடும் போய்விடும். எங்களுக்கென்று மிஞ்சுவது வியாழன் பின்னேரம் ஒன்றுதான். சிலர் சந்தைக்குப் போவார்கள். சிலர் பூங்கா வாங்குப் பலகையில் குந்தி ஊருக்குப் போன் பேசுவார்கள். சிலர் கதவைச் சாத்திவிட்டு நித்திரை கொள்வார்கள். அக்கா வீடு பார்க்கப் போவார். பழைய பிரபுக்களின் வீடுகள். ஆட்கள் போய்ச் சேர்ந்த பிறகும் கதிரை, மேசை, கட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிற வீடுகள்.

கோயில் வாசலில் ஒரு அண்ணை இதை வைத்து அவரைச் சீண்டுவார். "அக்கா, கிழமை முழுக்க வீடு துடைச்சுப்போட்டு, லீவிலையும் வீடு பாக்கவோ போறியள்? உங்களுக்கென்ன விசரோ?"

"துடைக்கேக்க வீட்டைப் பாக்க ஏலுமே தம்பி? தூசியைத்தானே பாக்கிறம்."

அக்கா இப்போது பலெர்மோவில் இல்லை. அவர் பராமரித்த சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார முதிய அம்மா, காலமான பிறகு, வடக்கே வேறொரு நகரத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் இன்னும் பலெர்மோவில், சீசா என்கிற பகுதியில்தான் இருக்கிறேன். மணிக்கணக்குக்கு வீடுகள் துப்புரவு செய்கிறேன். சில வியாழக்கிழமைகளில் தனியாக அந்த வீடுகளில் ஒன்றுக்குப் போய்ப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு அங்கே கேட்க ஒன்றும் வருவதில்லை.

அவரை முதன்முதலில் கண்டது பஸ்ஸில். அந்தக் காலத்தில் நான் இங்கே தங்குவதற்கான பெர்மெசோ அட்டை, அதன் பிரதி, கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் எங்கும் போவேன். எவனாவது பறித்துவிட்டால், எங்காவது விட்டுவிட்டால் என்று ஒரே யோசனை. எதிரே இருந்த மனுசி நெடுநேரம் என்னையே பார்த்தார். குள்ளமான உருவம். ஒட்ட வெட்டிய தலைமயிர். இது யார், ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு வியர்க்கத் தொடங்கியது.

"பிள்ளை, உள்ளுக்குப் பிள்ளையோ?" என்றார்.

"இல்லை அக்கா. பேப்பருகள்."

"பால் குடிக்கிற மாதிரியெல்லோ வைச்சிருக்கிறாய்."

பஸ் முழுக்கத் தமிழ் தெரியாத ஆட்கள். இருந்தாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு சிரிப்பு வந்தது. இறங்கும்போது, "வியாழன் பின்னேரம் என்ன செய்வாய்?" என்று கேட்டார். ஒன்றும் செய்வதில்லை, பயந்துகொண்டு இருப்பேன் என்றேன். "அப்ப வா. வீட்டுக்குள்ளை வந்து பயப்படு" என்றார்.

வீடுகளின் பெயர்கள் எங்கள் இருவரின் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவரே பெயர் வைத்தார். கீழே லாயமும் வண்டிகளும் இருப்பது குதிரை வீடு. கூரை வரைக்கும் கண்ணாடி பதித்த நடனக்கூடம் இருப்பது கண்ணாடி வீடு. ஒரு மாடி முழுக்க, நிலத்திலும் சுவரிலும், பூப்போட்ட பழைய ஓடுகளை ஒட்டி வைத்திருப்பது ஓட்டு வீடு. ஒவ்வொரு வியாழனும் பஸ் தரிப்பிடத்தில் நின்று, இன்றைக்கு எது என்று தெரிவு செய்வோம். தெரிவு என்ன தெரிவு, சண்டைதான். எனக்குப் படி குறைவாக இருக்கவேண்டும், உடைகிற சாமான் குறைவாக இருக்கவேண்டும், காவலுக்கு நிற்கிறவர் முறைக்காதவராக இருக்கவேண்டும். அக்காவின் கணக்கு வேறு. "போனமுறை கேக்காமல் விட்டது எந்த வீட்டிலை?" என்பார்.

உள்ளே போனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். பெரிய மனிதத் தோரணை என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை. "விட்டால் கை தானாப் போய்த் துடைச்சுப்போடும்" என்றார்.

கேள்விகள் என்றால் ஆராய்ச்சிக் கேள்விகள் இல்லை. குழந்தைப்பிள்ளை கேட்கிற மாதிரி. கண்ணாடி வீட்டில், விளக்கம் சொல்கிற பெண் அந்தக் காலத்து நடன இரவுகளை வர்ணித்துக்கொண்டிருந்தாள். சீமாட்டிகளின் பாவாடை ஒரு கதவு அகலம் என்றாள். அக்கா கையை உயர்த்தி, அப்படியானால் அவசரத்துக்கு எப்படிப் போவார்கள் என்று கேட்டுவிட்டார். கூட்டத்தில் இருந்த ஜெர்மன்காரர்கள் சிரித்தார்கள். நான் சுவரோடு சுவராகப் போனேன். அந்தப் பெண்ணுக்கோ நல்ல சந்தோசம். எல்லோரும் ஓவியத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை என்று சொல்லி, மூலையில் சுவர்த்தாளோடு ஒட்டியபடி கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்து காட்டினாள்.

பல நேரம் அவருடைய ஊகம் பிழைத்துப்போகும். குதிரை வீட்டில் கட்டில்கள் இடுப்புயரம். பாம்புக்குப் பயந்துதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு அடித்துச் சொன்னார். கேட்டுப் பார்த்தால், நிலத்துக் குளிரும் பெருமையும்தான் காரணமாம்.

"பெருமை எண்டால்?" என்றார்.

அதுதான் அவருடைய வழக்கம். எதைச் சொன்னாலும் கடைசிச் சொல்லைப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒரு 'எண்டால்' போடுவார். போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் ஆட்கள் பதில் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

என்னிடமும் அப்படித்தான். ஒருநாள் படிக்கட்டில் இளைப்பாறும்போது, "நீ எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனி?" என்றார். எட்டு என்றேன். பயம் என்றேன்.

"பயம் எண்டால்?"

அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு காவலரண் போட்டார்கள். முதல் நாள் அதைத் தாண்டப் பயந்து திரும்பி வந்தேன். மறுநாளும் வந்தேன். அவ்வளவுதான், அதோடு படிப்பு முடிந்தது. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சண்டையால் குழம்பிப்போச்சு என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அக்கா யோசித்துவிட்டுக் கேட்டார். "அதிலை நிண்டவனுக்கு என்ன வயசிருக்கும்?"

"பதினெட்டு, பத்தொன்பது."

"அவன் உன்னைப் பாத்தவனோ?"

அவன் எந்த நேரமும் கீழே, தன் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். அது எனக்கு அன்றைக்குத்தான், அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் ஞாபகம் வந்தது.

இப்படி ஊர் உலகத்தையெல்லாம் கேட்கிற மனுசியிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை என்பதை, அவருடைய தங்கையின் விசயம் வந்தபோதுதான் கவனித்தேன்.

தங்கை கனடாவில். ஞாயிறு பூசை முடிந்ததும் போன் வரும். அக்கா சத்தமாக வைத்துத்தான் கதைப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கும் எல்லாம் கேட்கும். பனி கொட்டுது அக்கா. மூத்தவனுக்கு வேலை சரிவந்திட்டுது அக்கா. கீழ் வீட்டுக்குப் புது ஆக்கள் வந்திருக்கினம் அக்கா. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு 'எண்டால்' போட்டுப் போட்டு, அந்த வீட்டைத் தன் மனதுக்குள் கட்டி முடித்துவிட்டார். கண்ணால் காணாத அந்தக் கனடா வீட்டில் எந்தப் படியில் கால் வைத்தால் கிறீச்சிடும் என்பதுகூட அவருக்குத் தெரியும். கடைசியில் தங்கை, "சரி அக்கா, அடுப்பிலை கறி, வைக்கிறன்" என்பாள். வைத்துவிடுவாள்.

அந்தத் தங்கை கப்பலில் சுற்றுலா வருகிறாள் என்று ஒரு செய்தி வந்தது. பெரிய பயணக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்தில் காலையில் வந்து கட்டிவிட்டுப் பின்னேரம் போய்விடும். அந்த இடைவெளியில் இறங்கி அக்காவைப் பார்க்கப் போகிறாள். அக்கா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பார்த்தவள்தான், அதற்குப் பிறகு நேரில் கண்டதில்லை.

"என்ன சமைக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"சமையலை விடு. எந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

எனக்கு விளங்கவில்லை. அரை நாளுக்கு வருகிறவளை வீடு பார்க்கக் கூட்டிப்போவதா?

அன்றைக்கு அக்கா முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கையை எடுத்து என் தோளில் வைத்தார். "இஞ்சை பார் பிள்ளை. நான் வெளிக்கிடேக்க அவள் பள்ளிக்கூடச் சட்டையோட நிண்டவள். பேந்து அவளுக்கு நான் ஒரு குரல்தான். என்னட்டை அவள் இண்டைவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. சாப்பிட்டனீங்களோ எண்டுகூட. கெட்டவள் இல்லை. என்னெண்டு கேக்கிறதெண்டு தெரியாது. இல்லாட்டி, கேட்டால் நான் சொல்லிப்போடுவன் எண்டு பயமோ தெரியாது."

"நீங்களாவே சொன்னால் என்ன?"

"நானாச் சொன்னால் அது முறைப்பாடு. அவள் கேட்டால்தான் கதை." பிறகு சொன்னார், "கேக்காமல் கப்பலேறினாளெண்டால், பேந்து ஒருநாளும் கேக்கமாட்டாள். அதுதான், போனால் வாய் துறந்து கேள்வி வாற வீடாப் பாக்கவேணும்."

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகள் எல்லாம் இதற்காகவே போயின. மூன்று வீடுகளையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான்தான் தங்கை. கண்ணாடி வீட்டு நடனக்கூடத்தின் நடுவில் என்னை நிறுத்தி, "இப்ப நீ கனடாவாலை வாறாய். என்னை இப்பத்தான் காணுறாய். கேள்" என்றார்.

நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். "அக்கா, டிக்கெட் உங்களிட்டையோ என்னட்டையோ?" என்றேன்.

"உன்னைக் கப்பலிலை ஏத்தித் திருப்பி அனுப்பவேணும்."

கண்ணாடி வீட்டைக் கழித்துவிட்டார். அங்கே போகிறவர்கள் தங்களைத்தான் பார்ப்பார்கள், அடுத்தவரைப் பார்க்க மாட்டார்கள். ஓட்டு வீட்டில் படம் எடுக்கத்தான் தோன்றும், கேட்கத் தோன்றாது. குதிரை வீட்டுச் சாப்பாட்டு அறையில் அக்கா நின்றுவிட்டார். நீள மேசை. ஆட்கள் இப்போதுதான் வந்து இருக்கப்போகிறார்கள் என்பது போலக் கோப்பைகள், கிண்ணங்கள், கரண்டி, முள்ளு, கண்ணாடிக் குவளைகள் எல்லாம் அடுக்கியபடி.

"இதைப் பாத்தால் ஆருக்கும் வாய் வரும்," என்றார். "இவ்வளவையும் ஆர் கழுவினது எண்டு கேப்பாள். அதிலை பிடிச்சனெண்டால் போதும். அங்கையிருந்து என்னட்டை வந்திடுவாள்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் எனக்கு வேறு கவலைகள். கப்பல் பிந்தினால்? பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்தால்? துறைமுக வாசலில் யாராவது அவளுடைய பையை அறுத்தால்? படியேற மாட்டேன் என்றால்? மழை பெய்தால், அந்த முற்றத்துக் கல்லில் வழுக்கினால்? இரண்டு குடைகள் எடுத்தேன். நோ மருந்து எடுத்தேன். குதிரை வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து வைத்தேன்.

கப்பல் வந்தது ஒரு திங்கட்கிழமை.

சிஞ்ஞோராவிடம் கேட்டு, கீழ்மாடிப் பெண்ணை இடைக்கிடை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, அக்கா அந்தக் கிழமை வியாழனுக்குப் பதிலாகத் திங்களை மாற்றி எடுத்தார். எனக்குத் திங்களில் வேலை குறைவு. துறைமுக வாசலில் நின்றோம். வெள்ளைத் தொப்பியும் விளையாட்டுச் சப்பாத்தும் கழுத்தில் கப்பல் அட்டையுமாக ஒருத்தி வந்தாள். நெற்றியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே நெற்றி. இரண்டு பேரும் கட்டிப்பிடித்தார்கள். விட்ட பிறகு, கைகளை எங்கே வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"அவருக்கு முழங்கால் நோ. கப்பலிலையே இருந்திட்டார்" என்று தொடங்கிய தங்கை பிறகு நிறுத்தவில்லை. கப்பல் சாப்பாடு, கப்பல் கட்டில், பக்கத்து அறைக்காரரின் குறட்டை. அக்கா 'எண்டால்' போட்டுக்கொண்டே நடந்தார். நான் குடைகளோடு பின்னால்.

குதிரை வீட்டுப் பெரிய மரக்கதவு சாத்தியிருந்தது.

தள்ளிப் பார்த்தோம். மணியை அமத்திப் பார்த்தோம். கதவின் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. எப்போதும் இருந்த பலகைதான். நாங்கள் அதில் வியாழக்கிழமை வரியை மட்டும்தான் எழுத்துக்கூட்டி வாசித்திருந்தோம். மற்ற நாட்கள் எங்களுக்கு எதற்கு? இப்போது முதல் வரியை வாசித்தேன். திங்கள், பூட்டு.

எத்தனையோ விசயங்களுக்குப் பயந்த எனக்கு, திங்கட்கிழமைக்குப் பயப்படவேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது.

கண்ணாடி வீட்டுக்கு ஓடினோம். பூட்டு. ஓட்டு வீட்டு மணியை அமத்தினோம். பக்கத்துப் பல்கனியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, இன்றைக்குத் திங்கட்கிழமை அல்லவா என்றாள், நாள் பெயர் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல.

தங்கை தொப்பியால் விசிறிக்கொண்டாள். "பரவாயில்லை அக்கா. வீடுதானே. மொண்டெல்லோ எண்டு ஒரு நல்ல பீச் இருக்காம், கப்பலிலை சொன்னவை. போய்க் காலை நனைச்சுப்போட்டு வருவமே?"

கடற்கரையில் எல்லோரும் கடலைத்தான் பார்ப்பார்கள். நானே அதை யோசித்தேன் என்றால், அக்கா யோசித்திருக்க மாட்டாரா? அவர் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தபடி நின்றார். கைகள் பின்னால் போயின. விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"ஒரு வீடு திறந்திருக்கு," என்றார்.

"எது அக்கா?" என்றேன்.

"நான் நிக்கிற வீடு."

அதை அவர் வீடு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அதுவரை 'வேலை' என்றுதான் சொல்வார். வேலைக்குப் போறன், வேலையாலை வாறன். அங்கேயே படுத்து எழும்புகிறவர் எங்கேயிருந்து எங்கே போகிறார் என்று நானும் யோசித்ததில்லை. சிஞ்ஞோரா ஏசினால்? வேலை போனால்? வேலை போனால் படுக்கிற இடமும் அல்லவா போகும். பின்னாலிருந்து அக்காவின் சட்டையை இழுத்தேன். அவர் திரும்பவில்லை.

பழைய நகரத்துக்குள் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் மாடி அது. ஒரு காலத்தில் முழு வீடும் அவர்களுடையது. இப்போது அந்தத் துண்டுதான் மிச்சம். அக்கா சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து முதிய குரல் ஒன்று, யார் என்று கேட்டது.

"நான்தான் சிஞ்ஞோரா. வீடு பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள்," என்றார் அக்கா இத்தாலி மொழியில்.

"டிக்கெட் வாங்கினார்களா?" என்றது குரல். எனக்கு உயிர் வந்தது.

அக்கா விளக்கம் சொல்கிற பெண்ணாக மாறிவிட்டார். அதே நடை, அதே கைவீச்சு. இது வரவேற்பறை, இதில் சிஞ்ஞோராவின் கல்யாணம் நடந்தது. மேலே பாருங்கள், அந்தத் தேவதைக்கு ஒரு கால் இல்லை, மழை ஒழுகி விழுந்துவிட்டது, அதற்குத்தான் இந்த வாளி. இது பியானோ, எலி இருக்கிறது, திறக்க வேண்டாம். சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு கோப்பையும் இல்லை, ஒரு மருந்துப் பெட்டிதான். தங்கை, "நல்ல பெரிய மேசை" என்று படம் எடுத்தாள். குசினியில், "சின்னக் குசினி, என்ன?" என்றாள். அது கேள்வி இல்லை. சிஞ்ஞோராவின் அறையைக் கடக்கும்போது, ஆள் படுத்திருக்கிறா என்று அக்கா கதவை ஒருக்களித்துவிட்டு நடந்தார். அறைகளுக்கு நடுவே போகிற ஓடை முடிந்தது.

"அவ்வளவுதான்," என்றார்.

"நல்ல வீடு அக்கா. நல்ல காத்தோட்டம்." தங்கை தொப்பியைத் தலையில் வைத்தாள். நான் மணியைப் பார்த்தேன். துறைமுகத்துக்குப் போக நேரம் சரியாகத்தான் இருக்கும். அக்கா கதவின் பிடியில் கையை வைத்தபடி, திறக்காமல் நின்றார்.

உள்ளேயிருந்து சிஞ்ஞோரா கூப்பிட்டார்.

அக்கா ஓடினார். என்ன செய்வதென்று தெரியாமல் நாங்களும் பின்னால் போனோம். சிஞ்ஞோரா கட்டிலில் சரிந்து கிடந்தார். அக்கா ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் தன் கழுத்தில் போட்டு, காதுக்குள் ஏதோ சொல்லி, ஒரே மூச்சில் தூக்கி நிமிர்த்தி இருத்தினார். தலையணையை மாற்றினார். ஈரத் துண்டு எடுக்கக் குளியலறைக்குப் போனார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

தங்கை வாசலிலேயே நின்றாள். பெரிய கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மடக்குக் கட்டில். அதில் மடித்து வைத்த போர்வை. தலைமாட்டில் ஆணியில் ஒரு செபமாலையும் அக்காவின் மற்றச் சட்டையும்.

"இது ஆருடைய கட்டில்?" என்று என்னிடம் கேட்டாள்.

பதில் சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை.

அவள் போய் அதன் விளிம்பில் இருந்தாள். கம்பி முனகியது. சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கல். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், இருட்டிலே பழகிய கை மாதிரி நேராக நீட்டி, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ கேட்டார்.

"அக்கா, என்னவோ கேக்கிறா!"

"தண்ணி," என்றது குளியலறைக் குரல். "பக்கத்திலை இருக்கு, குடு."

"எப்பிடிக் குடுக்கிறது?"

"பின்கழுத்திலை கையை வை. கொஞ்சம் உயர்த்து."

"எவ்வளவு குடுக்கிறது?"

"அவ வாயை மூடுவா. அப்ப நிப்பாட்டு."

தண்ணீர் சிஞ்ஞோராவின் நாடியில் வழிந்தது. தங்கை தன் சட்டை நுனியால் துடைத்தாள். உனக்கு ஏன் இன்றைக்குக் கை நடுங்குகிறது என்றார் சிஞ்ஞோரா. அவளுக்கு அது விளங்கவில்லை. அவள் அந்த மடக்குக் கட்டிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இரவிலையும் எழுப்புவாவோ?"

அக்கா துண்டோடு வாசலில் வந்து நின்றார். "எழுப்புவா."

"அப்ப நீங்கள் எப்ப நித்திரை கொள்ளுறனீங்கள்?"

"இடையிலை."

"இடையிலை எண்டால்?"

நான் திடுக்கிட்டுவிட்டேன். அதே 'எண்டால்'. கேட்டுவிட்டு அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் எல்லாரையும் அப்படி நிறுத்தி வைத்த அக்கா, இப்போது துண்டைப் பிழிந்து பிழிந்து, பதில் தெரியாத பிள்ளை மாதிரி நின்றார். தண்ணீர் சொட்டி அவருடைய செருப்பை நனைத்தது.

"இரு, சொல்லுறன்," என்றார் கடைசியில். போய்த் தங்கைக்குப் பக்கத்தில் அந்தக் கட்டிலில் இருந்தார். இரண்டு பேரையும் அது தாங்குமா என்ற பயத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஓடித்தான் போனோம். வழி நெடுகத் தங்கை கேட்டுக்கொண்டே வந்தாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னார். வாசலில் காவலர் கைகாட்டிக் கூப்பிட்ட பிறகும், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இன்னொன்று கேட்டாள். காற்றில் அது எங்களுக்குக் கேட்கவில்லை.

அடுத்த கிழமை வியாழனன்று வழக்கம்போலப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். கண்ணாடி வீட்டைத் திருத்த வேலைக்காகச் சில மாதம் பூட்டப்போகிறார்கள், இன்றைக்கு விட்டால் பிறகு பார்க்க முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அக்கா எனக்கு முன்னரே வந்து நின்றார். காதில் போன்.

"ஓம்... இல்லை, சீலை இல்லை, கவுண்தான்... குளிரோ? ஜன்னல் பக்கம் அவ, சுவர்ப் பக்கம் நான்... பயமோ? முதல் வருசம் பயந்தனான். பேந்து இல்லை... அதெண்டால்... பொறு, அதை வடிவாச் சொல்லவேணும்..."

பஸ் வந்தது. நான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்து, பொறு என்று கையைக் காட்டிவிட்டு, வாங்கில் போய் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டார். பஸ் போனது. அடுத்ததும் வந்து போனது.

அன்றைக்கு நாங்கள் எந்த வீட்டுக்கும் போகவில்லை.